மைக் அணைந்த பிறகு

ஜூன் 3

கியாக்டடா வட்டாரத்தில் காலையிலிருந்து மழை. சூலே பக்கம் பஸ் நகரவே இல்லை, அலுவலகத்துக்கு அரை மணி தாமதம். தலைநகரிலிருந்து நாடாளுமன்றப் பேச்சு ஒலிப்பதிவாக வருகிறது. ஐந்து பேர் ஆளுக்கொரு துண்டாகக் கேட்டுத் தட்டச்சு செய்கிறோம். எதிர்க்கட்சிக் கிழவர் ஒருவர் இன்று நான்கு மணி நேரம் பேசினார். எழுந்த உறுப்பினர் தானாக உட்காரும்வரை பேசலாம் என்பது பழைய விதி. அதை மாற்றி, ஆளுக்குப் பத்தே நிமிடம் என்று ஆக்கப் பார்க்கிறார்கள். ஓட்டெடுப்பை நடக்கவிடாமல் கிழவர் பேசிக்கொண்டே இருக்கிறார். காணாமல் போனவர்களின் பெயர்களை வட்டாரம் வட்டாரமாக வாசிக்கிறார்.

ஜூன் 5

"நம்ம க்யிம்யிண்டைங் வட்டாரம் வந்திருச்சாடி?" - அம்மா, கதவைத் திறந்ததுமே. இன்னும் இல்லை.

தம்பி படகுத்துறை வேலைக்குப் போனவன் திரும்பவில்லை, நான்கு வருடமாகிறது. வட்டார அலுவலகத்தில் குடும்பப் பட்டியலிலிருந்தே அவனை எடுத்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்கிறார்கள். இல்லையாம்! அவன் இருந்தான் என்று அரசாங்கத் தாளில் ஒரு வரி ஏறினால் போதும் எனக்கு. காகிதத்தில் அவனுக்குப் பர்மியப் பெயர், ஸோ லின். சிவநாதன் என்பது வீட்டுக்குள் மட்டும். எந்தப் பட்டியலிலும் கிடையாது.

ஜூன் 9

விதி மாறிவிட்டது. பத்து நிமிடம் முடிந்தால் மைக்கை அணைத்துவிடுவார்கள், அதற்குப் பின் பேசுவது அச்சாகும் சபைக் குறிப்பில் ஏறாது. கிழவர் பக்கத்து வட்டாரம் வரை வந்திருந்தார். பாழாய்ப் போனவர்கள், இன்னும் ஒரு நாள் பொறுத்தால் என்ன?

அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 12

வேறொருவர் மீன்வளம் பற்றிப் பேசுகிறார். அவர் குரலுக்கு அடியில், மெதுவாக, கிழவர் இன்னும் பெயர்களை வாசிக்கிறார். பக்கத்து இருக்கை மைக்கில் விழுகிறதாக்கும்.

ஜூன் 13

விதி மாறிய மறுநாளே கிழவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம், சபைக்கே வரவில்லையாம். பக்கத்து மேசை முஜிபுர் ரஹ்மான் அண்ணன் சொன்னார்.

அப்படியானால் நேற்று நான் கேட்டது?

ஜூன் 16

கிழவர் சொன்னார். சிவநாதன் என்று சொன்னார்! ஸோ லின் இல்லை. நடுவில் 'நா'வை இழுத்து, அம்மா கூப்பிடுகிற மாதிரியே. அந்த மனுஷருக்கு இது எப்படித் தெரியும்? மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் கேட்டுச்சு. எனக்குத்தான் பைத்தியமா?

முஜிபுர் அண்ணனிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். "வெறும் எரைச்சல்தாம்மா மஞ்சுளா," என்றார். ஆனால் ஹெட்போனைத் திருப்பித் தர வெகுநேரம் ஆயிற்று.

அந்தப் பெயரைத் தட்டிவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

ஜூன் 17

எங்கள் மேலாளர் டோ யீ ஒவ்வொரு தாளையும் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். என் தாள் அவர் மேசையில்.

ஜூன் 18

டோ யீ கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். தாளை நீட்டினார். என் வரி அப்படியே இருந்தது. அதன் கீழே நான் தட்டாத ஒரு பெயர்: மீ மீ.

"என் மக. வீட்டுல மட்டும்தான் அப்பிடிக் கூப்புடுவோம்," என்றார் பர்மியத்தில். ஆறு வருடம் அவரிடம் வேலை பார்த்தும், அவருக்கு மகள் இருந்ததே எனக்குத் தெரியாது.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டதத் தட்டுறதுதான நம்ம வேல." கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினார்.

ஜூன் 24

அச்சான பக்கத்தை அம்மா விரலால் தடவிப் பார்த்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன்.

ஜூன் 30

நேற்றோடு கூட்டத்தொடர் முடிந்தது, சபையைப் பூட்டிவிட்டார்கள். ஆனாலும் இன்று காலை ஒலிப்பதிவு வந்திருந்தது. அதில் கிழவர் குரல் மட்டும். ஐந்து பேரும் மாலை வரை தட்டினோம். க்யிம்யிண்டைங் முடிந்து, லத்தா வட்டாரம் தொடங்கியிருக்கிறது.