கையால் கதைக்கப் பழகினது

9-2-1964, ஞாயிறு

கொக்குவிலுக்குப் பெண் பார்க்கப் போனோம். கந்தோரில் என்னோடு வேலை செய்யும் எட்வேர்ட்டின் தங்கை, ஐரிஸ். சின்ன வயதில் காய்ச்சல் வந்து காது கேளாமல் போய்விட்டது. தெற்கில் அதற்கென்று இருக்கும் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, இப்போது பட்டினத்தில் தையல் படிப்பிக்கிறாள். நான் எல்லாவற்றையும் எட்வேர்ட்டிடம் கேட்டேன். அவர் அதைக் கையால் அவளுக்குச் சொன்னார். நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சொல்லுறா?"

"உவர் கலியாணம் முடிக்க வந்தது அண்ணையையோ என்னையோ எண்டு கேக்கிறாள்."

வெட்கமாய்ப் போய்விட்டது. நியாயமான கேள்விதானே?

10-2

எட்வேர்ட்டைப் பிடித்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடம். ஆங்கில எழுத்துகள், இரண்டு கையாலும். பெருவிரல் நுனியைத் தொட்டால் ஏ, சுட்டுவிரல் ஈ, நடுவிரல் ஐ, மோதிரவிரல் ஓ, சின்னிவிரல் யூ. இவ்வளவு நாளும் கையிலேயே வைத்துக்கொண்டு தெரியாமல் இருந்திருக்கிறேன்!

15-3, ஞாயிறு

தமிழையும் அந்த எழுத்துகளிலேயே கூட்டிச் சொல்லலாம். என்ன சாப்பிட்டீர் என்று ஐரிஸ் கேட்டாள், எனக்காக மெதுவாக. "ஆடு" என்று சொல்லப் போனேன். பெருவிரலைத் தொடாமல் மோதிரவிரலைத் தொட்டுவிட்டேன். "ஓடு"! அவள் உண்மையாகவே எழும்பி ஓடினாள். கதவடியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

5-4

நான் ஒரு வசனம் முடிப்பதற்குள் அவளுக்குக் கொட்டாவி. எழுத்து மட்டும் போதாதாம், சைகை வேணுமாம். "உம்மடை கை கதைக்குது, முகம் பூட்டின பெட்டி மாதிரிக் கிடக்காம்" என்று எட்வேர்ட் சொன்னார். முகத்தாலுமா கதைப்பது?

11-4

கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். கோபம், ஆச்சரியம், கேள்வி. அம்மா பார்த்துவிட்டா.

"ஏர்னெஸ்ட், ஆரோடையடா சண்டை பிடிக்கிறாய்?"

சொன்னேன். அம்மா கட்டிலில் போய் இருந்தா. பிறகு, "பிள்ளையிலை எனக்கு ஒரு குறையுமில்லை. நாளைக்கு எனக்கு ஏலாமல் வந்து நான் கூப்பிட்டால், அவளுக்குக் கேக்குமோ?"

அந்தப் பயம் எனக்கும் தொற்றிவிட்டது.

26-4

கொக்குவிலுக்குப் போகவில்லை. தடிமன், மூக்கடைப்பு என்று எட்வேர்ட்டிடம் சொல்லிவிட்டேன். தடிமன் இல்லை.

7-6, ஞாயிறு



அவர்கள் வீட்டு விறாந்தையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்குப் பின்னால் ரயில் வந்தது. ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காமல் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். எங்கள் இருவருக்கும் மட்டும் ஒரு தடையும் இல்லை. கேட்டுவிட்டேன் — என்னை முடிப்பீரோ?

"அம்மா?" என்றாள், கையால்.

"அம்மாவுக்குப் பயம். எனக்கும் கொஞ்சம்."

"எனக்கும்தான்."

பிறகு கையைப் பொத்தி, தலையாட்டுவதுபோல் இரண்டு தரம் ஆட்டினாள். ஓம்!

கடைசிப் பெட்டியும் போனது. அவளுடைய ஐயா விட்ட இடத்திலிருந்து புகையிலை விலையைத் தொடர்ந்தார். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.

20-6

எட்வேர்ட் ஐரிஸை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தார். அம்மாவின் பயத்தை நானே அவளுக்குச் சொன்னேன். அவள் யோசிக்கவேயில்லை. அம்மாவின் கட்டிலிலிருந்து எங்கள் அறைக்கு ஒரு கயிறு, நுனி தன் கையில். இழுத்தால் வருவாளாம்.

"நான் என்ன, மாடு கட்டுறனோ?" அம்மா சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது. அவர்கள் போகும்போது ஐரிஸின் கன்னத்தில் கொஞ்சினா.

14-2-1965, ஞாயிறு

கலியாணத்துக்குப் பிறகு இன்று எங்களுக்கு முதல் சண்டை. புதுக் குடையை நான் பஸ்ஸில் விட்டுவிட்டேன். அவள் ஏச, நானும் விடவில்லை. தோள் நோகும்வரை கையால் கதைத்தேன். நான் சொன்னதில் நியாயமும் இருந்தது. நல்ல இடத்துக்கு வரும்போது அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இனி எதைச் சொல்ல, யாருக்குச் சொல்ல? கையைத் தூக்கியபடியே நின்றேன்.

கொஞ்சம் பொறுத்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.