கார் ஒத்துக்காதவள்

மார்ச் 9, திங்கள்

பங்குனி இன்னும் பிறக்கவில்லை, புத்தூரில் அதற்குள் இந்த வெயில். மூன்று ஜாக்கெட் வெட்டினேன். அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் புரட்டாத புத்தகம் இது.

முடிவு செய்துவிட்டேன். இந்த வருடம் ஊர் பார்க்கப் போவது நான். பஸ்ஸில்.

காரணத்தை எழுதி வைக்கிறேன், பின்னால் மனசு மாறக் கூடாது. காரில் ஏறினால் எனக்கு வாந்தி. மூடின கண்ணாடி, ஏசி, முன்னால் ஒரு சென்ட் டப்பா. பக்கத்து ஊர் நாராயணவனம் தாண்டுவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் மெட்ராஸ் வரைக்கும் ஜம்மென்று போவேன். வீ.கா. (வீட்டுக்காரர். முழுசாக எழுதக் கை வரவில்லை) கார் வாங்கி எட்டு வருடம். எட்டு வருடமாக எல்லாரும் காரில், நான் வீட்டில். "அவளுக்குக் கார் ஒத்துக்காது." கத்திரிக்காய் ஒத்துக்காது என்கிற மாதிரி.

போன வருடம் பழவேற்காடு ஏரிக்குப் போய்ப் பூநாரை பார்த்துவிட்டு வந்தார்கள். எனக்கு போட்டோ. அதிலும் பாதி நாத்தனார் தலை.

திட்டம்:
— சந்திரகிரி கோட்டை. திருப்பதியில் பஸ் மாறணும். வெள்ளிக்கிழமை கோட்டைக்கு லீவு.
— நாகலாபுரம் கோயில். சத்தியவேடு பஸ் அந்த வழிதான்.
— ஏரி. புத்தூர், சத்தியவேடு, தடா, சூளூர்பேட்டை. அப்புறம் ஷேர் ஆட்டோ. சனிக்கிழமை. இதுதான் முக்கியம், மற்றது போனால் போகட்டும்.
— ஆதார் கார்டு. ஆந்திரா பஸ்ஸில் பெண்களுக்கு ஃப்ரீ.
— புளிசாதம்.

மார்ச் 10, செவ்வாய்

சாப்பிடும்போது சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

வீ.கா.: "வாசல்ல கார நிறுத்தி வெச்சிக்கினு பஸ்ஸுல போறியா? பாக்கறவன் இன்னா நெனப்பான்?"

கார் ஒத்துக்காதவளை எட்டு வருடம் வீட்டில் உட்கார வைத்தபோது பார்க்கிறவன் என்ன நினைத்தானாம்? கேட்கவில்லை. ரசம் ஊற்றினேன்.

பத்து நிமிடத்தில் நாத்தனார் வசந்தா அக்கா பக்கத்து வீட்டிலிருந்து பஞ்சாங்கத்தோடு ஆஜர். "சனிக்கெழம கெழக்கால சூலம்மா. ஏரி கெழக்கு. ஆவாது."

"தயிர் துன்னுட்டுப் போறேங்க்கா. பரிகாரம் அதானே?"

"அது அவசரத்துக்குச் சொன்னது. ஊர் சுத்தறதுக்கா?"

இவர்கள் போகும்போது மட்டும் டயருக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினால் சூலம் செத்துவிடும். சாந்தி என்று எனக்குப் பேர் வைத்த நைனாவைச் சொல்லணும்.

ராமம்மா ஜாக்கெட்: கை ஒரு இஞ்ச் கூட்டணும்.

மார்ச் 11, புதன்

சந்திரகிரி. நானும் எதிர் வீட்டுத் தனமும். யாரிடமும் சொல்லவில்லை, தைக்க நூல் வாங்கப் போகிறேன் என்றேன்.

திருப்பதி பஸ்ஸில் தனம் கார்டைக் காட்டினாள், ஜீரோ டிக்கெட் வந்தது. நான் காட்டினேன். கண்டக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதி தமிழ்நாடு ஆதார் அம்மா. இக்கட செல்லது. டிக்கெட் தீஸ்கோண்டி."

தமிழ்நாடு கார்டு இங்கே செல்லாதாம். வாங்கிப் பார்த்தேன். பள்ளிப்பட்டு, அம்மா வீட்டு விலாசம். அங்கே போயிருந்தபோது எடுத்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன், கார்டில் நான் இன்னும் எல்லைக்கு அந்தப் பக்கம். டிக்கெட் வாங்கினேன். அது போகட்டும், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கோட்டை நன்றாக இருந்தது. பின்னால் பாறை மலை, முன்னால் ராஜா மகால். ராணி மகால் சின்னது, தள்ளி இருக்கிறது. புல்லில் உட்கார்ந்து வேர்க்கடலை. தனம்: "இந்த ராணிங்க எங்கனா போயிருப்பாளுங்களா, இல்ல நம்பள மாதிரியா?" சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது. போக வர வாந்தி இல்லை. குமட்டல்கூட இல்லை.

சாயங்காலம் வீ.கா.விடம் கேட்டேன். கேஸ், கரன்ட், கார் பேப்பர், எல்லாம் இந்த விலாசத்தில். என் கார்டை மட்டும் ஏன் மாற்றவில்லை?

போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாத்தி? நீ எங்க போற?"

கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்கிற மாதிரி சொன்னார். எழுந்து ராமம்மா ஜாக்கெட்டை எடுத்தேன். ஒரு பட்டன் கூடத் தைக்க முடியவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பேச்சு வார்த்தை இல்லை. சாம்பாரில் உப்புப் போடவில்லை. தெரிந்தேதான்.

தனத்தின் அக்கா சூளூர்பேட்டையில். போனில் சொன்னாளாம்: "ஏரி வத்திக்கினே வருது. பாதி கூட்டம் போயிடுச்சி. உகாதி தாண்டி ஒரு வாரம் இருந்தா அதிசயம்." பறவைகூடக் கிளம்பிவிடுகிறது. நாளைக்கே போகிறேன். காலை ஆறு மணி பஸ்.

மார்ச் 14, சனி

போகவில்லை.

பையோடு கேட் வரைக்கும் போனேன். வசந்தா அக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். "எம் தம்பிக்கு ஏதாவதுன்னா நீதான் பதில் சொல்லணும்." அவ்வளவுதான். என்னை யாரும் பிடித்து இழுக்கவில்லை. நானே திரும்பினேன், நானே செருப்பைக் கழற்றினேன். அவர்கள் மேல் இருக்கிற கோபத்தைவிட இதுதான் எரிகிறது. த்தூ!

புளிசாதத்தை மத்தியானம் ஒண்டியாகத் தின்றேன்.

மார்ச் 19, வியாழன். உகாதி

பச்சடி. வேப்பம்பூவை அள்ளிப் போட்டேன். "கசக்குது" என்றார். கசக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் காரில் காணிப்பாக்கம். என்னைக் கேட்கவில்லை, சொன்னார்கள். "பால்காரன் வருவான், தண்ணி லாரி வரும், பாத்துக்க." ஞாயிறு மேற்கே சூலமாச்சே அக்கா என்றேன். "வெல்லம் துன்னா ஆச்சி. சாமிகிட்டதானே போறோம்."

எலுமிச்சம்பழம் நாலு என்னையே வாங்கி வரச் சொன்னாள். வாங்கி வந்தேன். வந்ததும் பஞ்சாங்கத்தை நானும் பார்த்தேன். ஞாயிறு, கிழக்கே சூலம் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

5.10. கார் கிளம்பியது. நாலு பழமும் நசுங்கின. ஒருவர்கூடச் சாவி கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு இருப்பது ஒரே சாவி. இன்னொன்று எப்போதோ தொலைந்தது. ஆள்தான் வீட்டிலேயே இருக்கிறாளே, இன்னொன்று எதற்கு என்று செய்யவே இல்லை.

பால் தனம் வீட்டுக்கு. தண்ணீர் லாரிக்கும் தனமே சொல்லிக்கொள்வாள். அவளுக்கு இன்று தறியில் வேலை, கூட வர முடியாது. பரவாயில்லை.

5.50. பூட்டினேன். சாவி இடுப்பில். பஸ். நானே கேட்டு டிக்கெட் வாங்கிக்கொண்டேன், கார்டை எடுக்கவே இல்லை. ஜன்னலோரம்.

நாகலாபுரத்தில் இறங்கவில்லை. கோபுரத்துக்கு ஜன்னலிலிருந்தே ஒரு கும்பிடு. சத்தியவேட்டில் டீ. தடாவில் ஒரு மணி நேரம் பஸ் இல்லை, அழுகை வந்தது, அப்புறம் பஸ் வந்தது.

11.40. ஏரி. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சேறும் தண்ணீரும். தூரத்தில் நீளமாக வெளுப்பாக ஒரு கோடு, உப்பு என்று நினைத்தேன். கோடு நடந்தது. இருந்தாற்போலிருந்து பத்துப் பத்தாக எழும்பியது, றெக்கைக்கு அடியில் அத்தனை சிவப்பு. போட்டோவில் இது தெரியவே இல்லை. கரையில் உட்கார்ந்து அழுதேன், கோபத்தில் இல்லை. கொஞ்சம் கோபத்திலும்தான்.

1.15. புளிசாதத்தில் கை வைக்கும்போது வீ.கா. போன். காணிப்பாக்கத்தில் க்யூ தெரு வரைக்குமாம். வசந்தா அக்காவுக்கு வெயிலில் தலை சுற்றி, சாமி பார்க்காமலே திரும்பிவிட்டார்களாம். எல்லாரும் வாசலில்.

"பூட்டிக் கெடக்குது. எங்க இருக்க?"

"ஏரியில."

"எந்த ஏரி?"

"நீங்க போட்டோ காட்டினது."

பின்னால் வசந்தா அக்கா குரல் மட்டும்: "எங்க போனாளாம்? எங்க போனாளாம்?"

"சாவி?"

"எங்கிட்ட."

"அங்கியே இரு. நான் கார எடுத்துக்கினு வரேன்."

"வேணாங்க. எனக்குக் கார் ஒத்துக்காது. பஸ்ஸு நாலரைக்கு."