ஜூஸ் என்று நான் வாசித்த சொல்

10.3.1994, வியாழன்

அறுபத்தொன்பது வயதில் எழுத்துப் படித்தேன். இன்றைக்கு இங்கிலீசிலும் ஒரு சொல்லை வாசித்தேன், பிழையாக.

பக்கத்து அப்பாட்மென்ரில் இருக்கும் சோல் ஒரு யூதர். தகப்பன் அமெரிக்கக் கிராமமொன்றில் வைத்திருந்த கடையின் படத்தைக் காட்டினார். அப்போது அங்கே சாராயத்துக்குத் தடையாம். கடைச்சுவரில் பெரிய எழுத்துகள். வாசிக்க முடிகிறதென்று எனக்கு ஒரே புளுகம். எழுத்துக்கூட்டி, "நோ ஜூஸ்" என்றேன். "ஏன், ஜூஸுக்கும் தடையோ?"

சோல் என்னையே பார்த்தார். "யூதரை இங்கிலீசில் அப்படித்தான் சொல்லுறது. எங்களை வேண்டாமெண்டு எழுதிக்கிடக்கு."

கள்ளச்சாராயக்காரர் போத்தல் ஒளிக்க இடம் கேட்க, தகப்பன் மறுத்தாராம். விடியச் சுவரில் இது. அழிக்க ஊரில் ஒருவரும் வரவில்லையாம்.

இந்தக் கட்டடத்தில் எனக்கிருக்கிற ஒரே சிநேகிதர் சோல்தான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் "ஜூஸ், ஜூஸ்" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணீர் வரும்வரை சிரித்தார். "என்ரை பிள்ளையளுக்கே இதைக் காட்டேல்லை" என்றார். படத்தைத் திரும்ப மேசை லாச்சிக்குள் வைக்காமல் ரீவிக்கு மேலே சாத்தி வைத்தார்.

வெளியே பனி கொட்டுகிறது. கண்ணை மூடினால் அந்தச் சுவரிலும் கொட்டுகிறது. எழுத்துகள் ஒவ்வொன்றாக மூடுபடுகின்றன. "நோ"வில் இருக்கிற வட்டமான ஓ மட்டும் இன்னும் தெரிகிறது.