தெரியலை

லக்ஷ்மிபாய் நகர்
8.9.2025

சதாசிவம் அவர்களுக்கு,

ஃபோன் என்றால் கத்திவிடுவேன், மது பக்கத்து அறையில் இருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

ஜூலையில் உங்கள் கண்ணாடிக் கடையில் நீங்களே சோதித்து, நம் பெண்ணுக்கு மைனஸ் கண்ணாடி போட்டு அனுப்பினீர்கள். அன்றிலிருந்து அவளுக்குத் தலைவலி. சனிக்கிழமை லீவு போட்டு அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சொட்டு மருந்து விட்டுப் பார்த்தவர், "மைனஸ் ஹை ஹி நஹீ!" என்றார். மைனஸே கிடையாதாம், கொஞ்சம் ப்ளஸ்தானாம். எட்டு வயதுக் கண் தன்னை இறுக்கிச் சமாளித்துவிடுமாம். தப்புக் கண்ணாடி போட்டால் இன்னும் இறுக்குமாம்.

வருகிற அம்மாக்களிடமெல்லாம் மருந்து விடாமல் குழந்தைக்குக் கண்ணாடி வாங்காதே என்பீர்களே. ஊருக்குத்தான் உபதேசமா?

நாம் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை உங்களிடம் அனுப்புவதா என்று யோசிக்கிறேன்.

ஜ்யோத்ஸ்னா

துவாரகா
11.9.2025

அன்புள்ள ஜ்யோ,

நீ திட்டியது போதாது.

கண் சோதிக்கும் மெஷின் மைனஸ் காட்டியது. குழந்தை கண்ணை இறுக்கினால் மெஷினும் ஏமாறும் என்று எனக்குத் தெரியும். அதனால் தமிழ்ச் சங்கக் கண் முகாமுக்கு அச்சடித்த தமிழ் எழுத்து அட்டையை மாட்டிப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே "தெரியலைப்பா" என்றாள். நம்பிவிட்டேன்.

மருந்து ஏன் விடவில்லை என்று கேட்பாய். விட்டால் அன்றைக்கெல்லாம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். படம் வரைய முடியாது, பார்க்குக்குப் போக முடியாது. எனக்கு இருப்பது வாரத்தில் அந்த ஒரு நாள். அதை வீணாக்க மனம் வரவில்லை. சுயநலம்தான். பிள்ளை தலைவலியோடு அலைந்திருக்கிறாள், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையை மட்டும் பறித்துவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

சதாசிவம்

லக்ஷ்மிபாய் நகர்
15.9.2025

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று கோபத்தில்தான் அனுப்பவில்லை. மது காலையிலிருந்து ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் மனசு கேட்காமல் பக்கத்தில் போய், "அப்பா அட்டையைக் காட்டினப்போ நெஜமாவே தெரியலையா?" என்றேன்.

"லெட்டர் அச்சாவா, நல்லா தெரிஞ்சுது மம்மி. அது என்ன லெட்டர்னுதான் தெரியல."

அவளை ஆர்.கே.புரம் தமிழ் வகுப்பிலிருந்து ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டேன். சனிக்கிழமையும் ஆபீஸ், கொண்டுபோய் விட ஆளில்லை. உங்களிடம் "நன்றாகப் படிக்கிறாள்" என்று சொன்னது பொய். அவளைத் தமிழில்லாமல் வளர்க்கிறேன் என்று குத்திக்காட்டுவீர்களே என்ற பயம்.

"படிக்க வரலைன்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேடி?" என்றேன்.

"சொன்னா உன்னைத் திட்டுவார்ல?"

என் பொய்யை அவள் காப்பாற்றியிருக்கிறாள். அதற்குத்தான் இரண்டு மாதம் தலைவலி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றியாயிற்று. டிசம்பரில் மறுபடி மருந்து விட்டுப் பார்க்க வேண்டுமாம். அதை நீங்களே உடனிருந்து செய்யவையுங்கள். அந்த வாரம் சனிக்கிழமையே அனுப்புகிறேன், இரண்டு நாளும் உங்களிடம் இருக்கட்டும்.

இந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு வருவாள். எழுத்து வரவில்லை என்று அவளைத் திட்டாதீர்கள். என்னையும்.

ஜ்யோ