பெயர் மறைத்த ஸ்லைடு

ஸ்டெல்லா, என் செல்லத் துரோகியே,

இரண்டாயிரமாவது வருடம் பிறந்துவிட்டது. கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று பயமுறுத்தினார்களே, ஒன்றும் நிற்கவில்லை. நம் ஆய்வகத்தில் உன் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்கிறாள். நல்ல பெண். அவளோடு பேசுவதில்லை.

நேற்று ஜீவனஹள்ளிக்கு, உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா காபி கொடுத்தார்கள். அதன் பிறகுதான் இந்தக் கடிதம்.

நம் முறை உனக்கு நினைவிருக்கும். கட்டியிலிருந்து சீவிய திசு, கண்ணாடி ஸ்லைடில் வரும். பெயரை மறைத்து எண் ஒட்டுவது நீ. மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது நான். யாருடையது என்று எனக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கண் இரக்கப்படும்.

நாம் தேடியது விமென்டின். செல்லுக்குள் சட்டம்போல நிற்கும் புரதங்களில் ஒன்று. மார்பகப் புற்றின் செல்லில் வழக்கமாக இருப்பது கெராட்டின். சாயம் ஏற்றிய பின் அதில் விமென்டினும் பழுப்பாகத் தெரிந்தால், அந்த செல் இடம்பெயரக் கற்றுக்கொண்டது என்று சந்தேகம். சந்தேகம்தான். நூறு பேருக்குப் பொருந்துவது ஒருத்திக்குப் பொருந்த வேண்டியதில்லை என்று எல்லோரிடமும் சண்டை போடுவாயே, நீதானே?

உன் மார்பிலிருந்து எடுத்தது சாதாரணக் கட்டி என்றாய். ஒரு வாரம் லீவு. திரும்பி வந்த சில நாளில் ஒரு ஸ்லைடை நீட்டினாய்.

"கௌரி, இதைக் கொஞ்சம் பாரு."

"அய்யோ, என்ன அழகா வந்திருக்குடி! கலர் சும்மா அள்ளுது."

"அழகெல்லாம் அப்புறம். என்ன சொல்றே?"

"ஃபுல்லா பாசிட்டிவ். இது உக்கார்ற ஜாதி இல்ல. ஓடற ஜாதி."

"சரியாப் பாத்தியா?"

"உன்னைவிட நல்லாத்தான் பாப்பேன். யாரோ, பாவம்."

"பாவந்தான். ஆயித்து, பிடு," ஆச்சு, விடு என்று கன்னடத்தில் முடித்தாய். "வா, கேன்டீன்ல போண்டா சூடா இருக்கும்."

போண்டா தின்றோம். நீ சிரித்தாய். எப்படிச் சிரித்தாய்?

நுரையீரலுக்குப் போன பிறகுதான் உனக்குப் புற்று என்றே எனக்குத் தெரியும். தாமதமாகக் கண்டுபிடித்தார்கள் என்றாய். நம்பினேன். சிவாஜிநகர் பஸ்ஸில் டாக்டர்களைத் திட்டிக்கொண்டே உன்னைப் பார்க்க வருவேன். நீ என்னைத் தடுக்கவில்லை.

நேற்று உன் அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார்கள்.

"ஆபரேஷன் முடிஞ்சதும் டாக்டர் கீமோ ஊசி போட்டே ஆகணும்னாரும்மா. நானும் கெஞ்சுனேன். அவ கேக்கல. 'என்னோடதை கௌரிகிட்டயே குடுத்துப் பாத்துட்டேன்மா. ஓடற ஜாதின்னுட்டா. அவ கண்ணு தப்பாது. அப்புறம் எதுக்கு முடி வேற கொட்டணும்'னா."

காபி டம்ளரைக் கீழே வைக்கத் தெரியவில்லை எனக்கு.

நான் பொய் சொல்லிவிடுவேன் என்று பயந்தாயா? சொல்லியிருப்பேன். பிறகு உன்னை இழுத்துக்கொண்டு போய் ஊசிக்கு உட்கார வைத்திருப்பேன். அதற்குத்தான் தோழி. நீ தோழியை வெளியே நிறுத்திவிட்டு அவள் கண்ணை மட்டும் வாங்கிக்கொண்டாய். ஆளே தெரியாமல் நான் சொன்ன சொல்லைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் ஆய்வின் கூட்டம். விமென்டின் தெரிந்தவர்கள் சீக்கிரம் இறந்தார்கள் என்று திரையில் ஒரு கோடு இறங்கியது. இறந்தவர்களில் நீயும் ஒரு புள்ளி. எல்லோரும் தலையாட்டினார்கள். அதில் நீ இருப்பது தெரியாமல் நானும்.

அந்தப் புரதம் உன்னைக் கொன்றதா? அதை நம்பி நீ சும்மா இருந்தது கொன்றதா? ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாயா? தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டாய். இதை மன்னிக்க முடியவில்லை.

ஆனால் ஒரு வாக்கு. அடுத்த கூட்டத்தில் எழுந்து நிற்பேன். இவள் சிகிச்சையை மறுத்தவள், மறுத்தது நம் ஸ்லைடை நம்பி, இந்தச் சாவு அந்தப் பழுப்பு நிறத்துக்குச் சாட்சி ஆகாது என்று சொல்வேன். கோடு கொஞ்சம் அழகு குறையும். குறையட்டும். உன்னை அதிலிருந்து எடுக்கும்வரை உட்கார மாட்டேன்.

கோபத்தோடு,
உன் கூடப் பிறக்காத தங்கை
கௌரி