பெற்றோர் சம்மதம் கிடைக்கும் வரை

திருச்செங்கோடு

அன்புள்ள மாமாவுக்கு,

எங்கள் பள்ளியின் வரலாற்றில் குறிப்பிடத்தக்க முடிவு ஒன்று சென்ற வாரம் எடுக்கப்பட்டது. ஸ்கிப்பிங் கயிறுகள் இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டுவது என்று ஆசிரியர் கூட்டம் ஒருமனதாகத் தீர்மானித்தது. சாவி தலைமையாசிரியர் தண்டாயுதபாணி சாரிடம் இருக்கிறது. மற்றபடி நானும் நம் மகள் ரஞ்சனியும் நலம். உங்கள் போர்வெல் ரிக் வண்டி நிற்கும் காட்டில் போன் கிடைப்பதில்லை என்பதால், உதிரிச் சாமானோடு வரும் சின்னுசாமி அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு பையன் விழுந்து கை முறிந்து, விளையாட்டு ஆசிரியர் மேல் வழக்கானதிலிருந்து சாருக்குத் தூக்கம் இல்லை. பிள்ளைகளைத் தொடக்கூடாது, பெற்றோர் போனில் சம்மதம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது, பள்ளி நேரத்தில் எங்கள் போன்கள் ஆபீஸில் இருக்க வேண்டும் என்றார். நம் பக்கத்தில் அப்பாக்கள் ரிக்கில், அம்மாக்கள் தறிக்கூடத்தில். விசைத்தறி ஓடும்போது போன் அடிப்பது கேட்காது. இதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை என் வகுப்பு மோகனப்பிரியாவைக் கதண்டுக் குளவி கொட்டிவிட்டது. முகம் வீங்கி, மூச்சு விசில் போல இழுத்தது. ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது. அப்பாவின் போன் கிடைக்கவில்லை. தறிக்குப் போயிருந்த அம்மா வசந்தாமணிக்குச் சார் விடாமல் அடித்தார். எடுக்கவில்லை. இன்னொருக்கா அடிச்சுப் பாக்கலாமுங்க டீச்சர், ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா கேசு நம்ம தலையிலதானுங்க விழும் என்றார். பிள்ளையின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. ஆயா ராசம்மாளைப் பின்னால் உட்காரவைத்து, மடியில் பிள்ளையைக் கொடுத்து, ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசல் மணலில் வண்டி சறுக்கிப் பிள்ளைக்குத் தாடை கிழிந்தது. ஊசி போட்ட டாக்டர், இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்பேன் என்றார். தாடைக்கும் தையல் போட்டார்.

அவள் தாய்மாமன் காளியண்ணன் பள்ளிக்கே வந்து, யாரைக் கேட்டுங்க எங்க புள்ளைய வண்டியில ஏத்துனீங்க, பொட்டப்புள்ள மூஞ்சியில தழும்பு உழுந்துருச்சே, நாளைக்கு யாருங்க கட்டுவா என்று கத்தினார். ஸ்டேஷனில் என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். வசந்தாமணி தனியாக வந்து, நீங்க இல்லீன்னா எம்புள்ள இல்லீங்க டீச்சர், ஆனா அண்ணன் சொல்றதத்தானுங்க நானும் சொல்லோணும் என்று அழுதுவிட்டுப் போனார். தான் தடுத்தும் நான் கேட்கவில்லை என்று விசாரணையில் சொல்லப்போவதாகச் சார் முன்கூட்டியே என்னிடம் தெரிவித்தார். அவர் எப்போதும் முறைப்படி நடப்பவர்.

வரும் இருபதாம் தேதி விசாரணை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் ரஞ்சனி என் முகத்தைப் பார்க்கிறாள். ஆனால் எனக்குப் பெரிய பயம் அதுவல்ல. நேற்று வகுப்பில் ஒரு பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. என் கை எழவில்லை. கரும்பலகையோடு ஒட்டி நின்றேன். அவனே சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

இன்று இன்னொரு கூட்டம். பள்ளி நேரத்தில் போனில் கிடைக்காத பெற்றோரின் பிள்ளைகளை இனி வைத்துக்கொள்வதில்லை என்று முடிவாயிற்று. இதுவும் ஒருமனதாக.

மாமா, முதலாளியிடம் கேட்டு எப்படியாவது இருபதாம் தேதிக்குள் வந்துவிடுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். ஸ்டேஷனில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். வண்டி மேல் ஏறும்போது கவனம். அந்த மலைமேல் சாமி உங்களைச் சுகமாக வைக்கட்டும்.

உங்கள்
ஜெயப்பிரியா

பின்குறிப்பு: அந்த முடிவுப்படி, என் வகுப்பிலேயே இருக்கும் நம் ரஞ்சனிக்காகவும் சார் அடித்துப் பார்த்தார். உங்கள் போன் கிடைக்கவில்லை. என் போன் ஆபீஸில், அவர் மேசை டிராயரிலேயே அடித்து ஓய்ந்தது. அவளுடைய மாற்றுச் சான்றிதழைச் சாயங்காலம் வாங்கிக்கொண்டேன். வகுப்பாசிரியை என்பதால் எழுதியதும் நான்தான்.