நாள் ஆறு மணிக்குத் தொடங்கும் என்றாய்

கிழக்குக் காற்று அடித்தால் நாமக்கல்லில் ஜன்னலைச் சாத்திவிடுவோம். கோழிப்பண்ணை வாடை சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்துவிடும். போன வாரம் அப்படி ஒரு காலையில் ஜன்னலைச் சாத்தப் போனபோதுதான் அந்தப் போன் வந்தது. அன்றிலிருந்து இந்த வாடை வந்தாலே எனக்கு அந்தப் போன்தான் நினைவுக்கு வருகிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும். சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீ. நீ போய் ஆறேழு மாதம் ஆகிறது.

பேசியது பழனியம்மாள், எருமப்பட்டிக்குப் பக்கத்தில் பண்ணை வைத்திருப்பவர். அன்றாட வேலைகளைப் பட்டியலிட்டு, முடித்ததும் டிக் போடும் நம்முடைய 'நாட்குறி' செயலியைப் பயன்படுத்துகிறார். என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை. செயலியின் கடைசிப் பக்கத்தில் என் நம்பரைப் போட்டவன் நீ. உன் நம்பரைப் போடவில்லை.

"ஏனுங்க, நீங்கதான் அந்த நோட்டுப் போடற ஆப்புக்காரருங்களா? கோழியெல்லாம் தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்குதுங்க. சளி மருந்த ரெண்டு தரம் கலக்கிட்டோம். உங்க ஆப்பு கலக்கலைன்னு காட்டுச்சுங்க."

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் அவர், 'தினமும் தண்ணீரில் மருந்து' என்று பட்டியலில் போட்டிருக்கிறார். வெயில் ஏறுமுன் கலக்க வேண்டும் என்பதால் ஷெட்டில் இருக்கும் ஆள் விடிகாலை நான்கு மணிக்கே கலந்து டிக் போட்டிருக்கிறார். ஆறரைக்கு அந்தம்மா தன் போனைத் திறந்தால் அதே வேலை டிக் இல்லாமல் நிற்கிறது. ஆள் தூங்கிவிட்டான் என்று நினைத்து அவரும் கலந்துவிட்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. செயலியின் அடித்தளத்தில் நீ எழுதி வைத்த விதி அது: நாள் காலை ஆறு மணிக்குத்தான் மாறும். எடப்பாடியில் உங்கள் தறிப்பட்டறையில் உட்கார்ந்துகொண்டுதானே நீ இதை எழுத ஆரம்பித்தாய். ராத்திரி ஷிப்டில் விடிகாலை வரை ஓட்டிய துணி முந்தின நாள் கணக்கில்தான் சேரும். உனக்கு உலகமே ஒரு தறிப்பட்டறை. நான்கு மணிக்குப் போட்ட டிக் நேற்றைக்குப் போய்விட்டது. ஆறு மணிக்கு இன்றைய நாள் வெறுமையாகத் திறந்தது. ஒரே ஆள் பயன்படுத்தியவரை இது தெரியவில்லை, செய்தது அவனுக்கே நினைவிருக்கும். ஒரு பட்டியலை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளும் வசதியை நீ சாவதற்குச் சில வாரம் முன்னால்தான் சேர்த்தாய்.

நான் சொல்லவில்லையா? நாள் எப்போது தொடங்கும் என்பதை ஆட்களிடமே கேட்டுவிடலாம் என்று எத்தனை தரம் சொன்னேன். உங்கள் பட்டறையில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு மேல் கத்தி, நீ சொன்ன பதில் அப்படியே இருக்கிறது.

"கேள்வி கேக்காத சாமி. தறிக்காரன் கையெல்லாம் எண்ணெயா இருக்கும். ஒரு தட்டுத் தட்டுனா வேல முடியோணும். உன்ற பெங்களூர்ப் படிப்பையெல்லாம் அவன்கிட்டக் காட்டாத."

அன்றைக்கு உன் தம்பியும் தறிக்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பழனியம்மாளிடம் டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன், செயலியை நம்ப வேண்டாம் என்றும் சொன்னேன். ஆனால் அவர் போனை வைக்குமுன் ஒன்று சொன்னார். "எங்க சொந்தக்காரங்க பண்ணையிலெல்லாம் இதத்தானுங்க போட்டுக் குடுத்திருக்கேன். அவிங்க யார் யாருக்குக் குடுத்தாங்களோ." அன்று சாயங்காலம் புதிதாக மருந்து தொடங்கும் எந்தப் பண்ணையிலும் மறுநாள் விடிகாலை இதே நடக்கும். யாரையும் எச்சரிக்க வழியில்லை. யார் பயன்படுத்துகிறார்கள் என்று செயலி நமக்குச் சொல்லவே கூடாது என்பது உன் இன்னொரு பிடிவாதம். சாயங்காலத்துக்குள் திருத்தி வெளியிட்டால்தான் விடிவதற்குள் போன்களுக்குப் போய்ச் சேரும்.

மதியத்துக்குள் திருத்திவிட்டேன். நள்ளிரவில் நாள் மாறும். வேண்டுமென்றால் அமைப்புகளில் போய் மாற்றிக்கொள்ளலாம். வெளியிடப் போனால் முடியவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்ளாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று நாம் போட்ட பூட்டு. உன் பேருக்குப் பக்கத்தில் 'ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது' என்று வந்தது.

இன்னொரு பேரும் இருந்தது: பர்வீன். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து நம் செயலிக்குத் திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்த பெண். என்னைக் கேட்காமல் அவளுக்கு ஒப்புதல் உரிமை கொடுத்தாய். அதனால்தான் கடைசி இரண்டு மாதம் நாம் பேசவில்லை. உன்னை 'அண்ணா' என்பாள், என்னை 'சார்' என்பாள். நீ போனபின் நான் ஒரு அப்டேட்கூட வெளியிடாததற்குக் காரணம் இதுதான்: வெளியிட்டால் அவளைக் கேட்க வேண்டும்.

பூட்டைக் கழற்ற எனக்கு அதிகாரம் உண்டு. கை அதுவரைக்கும் போனது. ஆனால் ஒரு தப்பு அங்கே கோழிகளைச் சாய்த்திருக்கும்போது, யாரும் படிக்காத ஒன்றை அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. பர்வீனைக் கூப்பிட்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் என் திருத்தத்தைத் திறந்து படித்தாள். பிறகு, "சார், இத அனுப்பாதீங்க" என்றாள்.

"ஏன்?"

"இன்னைக்கு ராத்திரி எடப்பாடியில தறி ஓடும் சார். பன்னெண்டு மணிக்கு அவங்க கணக்கு ரெண்டாப் பிரிஞ்சிடும். அமைப்புகள்ல ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா? கோழிக்காரங்களக் காப்பாத்தப் போயி தறிக்காரங்கள மாட்டி விடறீங்க."

"அப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"கேட்டுடலாம் சார். ஆப்பத் திறந்ததும் ஒரே கேள்வி. உங்களுக்கு நாள் எப்ப ஆரம்பிக்குதுன்னு. பதில் சொன்னாத்தான் டிக் போட முடியும்."

பல வருஷமாக நான் சொன்னதுதான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. "கேள்வி கேக்கறது அவனுக்குப் பிடிக்காதும்மா."

"அண்ணாதான் இல்லையே சார்."

அவளே அந்தக் கேள்வியை எழுதினாள், நான் படித்து ஒப்புக்கொண்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வெளியே போனது. அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. அது எத்தனை போனுக்குப் போய்ச் சேர்ந்தது, எந்தப் பண்ணையில் சிக்னல் இல்லை, எதுவும் தெரியாது.

மறுநாள் காலை நானே பழனியம்மாளைக் கூப்பிட்டேன்.

"கொஞ்சம் செத்துப்போச்சுங்க. மிச்சம் தீவனம் எடுக்குது, டாக்டர் பயமில்லைன்னுட்டாரு" என்றார். பிறகு சிரித்தார். "நாலு மணிக்கு எங்காளு போன் பண்றானுங்க. அக்கா, நாள் எப்ப ஆரம்பிக்குதுன்னு ஆப்பு கேக்குது, என்ன சொல்லட்டும்ங்கறான். நம்ம பொழப்புல அது எங்கடா முடிஞ்சுது ஆரம்பிக்கறதுக்கு, உனக்குத் தோணறதப் போடுன்னேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "என்னங்க போட்டாரு?" என்று கேட்டேன்.

"மூணு மணின்னு போட்டானாமா. இருங்க, அந்த ஆறு மணிக் கூத்தப் பண்ணி வெச்சது யாருங்க? ஒரு வார்த்த கேக்கோணும் அந்தாள."

உன் பேரைச் சொல்லியிருக்கலாம். உன் விதி, உன் பிடிவாதம், உன் தறி. செத்தவனுக்கு வலிக்கப்போவதில்லை. "நாங்கதானுங்க" என்றேன். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். நல்ல வார்த்தைகள் இல்லை. முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

உன் மேல் இருக்கும் கோபம் குறைந்துவிட்டது என்று எழுத முடியாது. ஒரு போன் செய்திருக்கலாம் நீ. நெஞ்சு வலி வருமுன் அந்த இரண்டு மாதத்தில் ஒரு நாள். நானும் செய்யவில்லை என்பாய். சரி.

இன்று காலை பர்வீன் வேறொரு திருத்தம் அனுப்பியிருக்கிறாள், பகிர்ந்த பட்டியலில் யார் டிக் போட்டார் என்று காட்டுவதற்கு. என் ஒப்புதலுக்காக நிற்கிறது. நான் அனுப்புவதை நீ எப்படிக் குடைவாய் என்று எனக்குத் தெரியும். சந்தேகமும் எரிச்சலும் பயமுமாக, எங்காவது யாருக்காவது ஒன்று உடையும் என்று நம்பிக்கொண்டே படிப்பாய். இப்போது நான் அப்படித்தான் படிக்கிறேன். இரண்டு தரம் படித்தாயிற்று. தப்பு கிடைக்கவில்லை. மூன்றாம் தரம் படிக்கப் போகிறேன்.